இரண்டாவது நாற்காலி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். சுகமா? கைப்பேசியே கூடாது என்கிற முகாமில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். என் கையெழுத்தைப் பார்த்து அலுவலகமே சிரிக்கிறது.

முதலில், இதைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி உன்னிடம் கொடுக்கப்போகும் தணிக்கை ஐயாவுக்கு என் வணக்கம். போன கடிதத்தில் அவர் சில வரிகளுக்குக் கறுப்பு மை பூசியிருந்தார். அது ராணுவ ரகசியமா, என்னைத் திட்டியதா என்று அம்மாவுக்குப் பெரிய சந்தேகம். "திட்டாத்தான் இருக்கும். அவளுக்கு ஏதுடா ரகசியம்?" என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

இப்போது நல்ல சேதி. உங்கள் சோம்பேறிக்கு விடிவுகாலம் வருகிறது. ஆளில்லா விமானத்துக்கு, அதுவும் இரவும் பகலும் இறங்காமல் எல்லையையும் கடலையும் பார்த்துக்கொண்டிருக்கிற விமானத்துக்கு, சோம்பேறி என்று பெயர் வைத்தவர்கள் நீங்களாகத்தான் இருக்கும். மெதுவாகச் சுற்றினால் சோம்பேறியா? எங்கள் நிறுவனம் தயாரித்த மேம்பாட்டுக் கோப்பு அடுத்த மாதம் நிதிக்குழுவுக்குப் போகிறது. பெரிய எரிபொருள் தொட்டி, பனி உறையாத இறக்கை, கூடவே என் பிரிவின் செல்லப் பிள்ளையான 'இரண்டாவது கண்'. கேமரா காட்டும் ஆளைக் கணினியே பார்த்து, கையில் ஆயுதம் என்றால் சிவப்புப் பெட்டி போடும், இல்லை என்றால் பச்சைப் பெட்டி. இனி ஒரு விமானத்துக்கு இரண்டு பேர் உட்கார வேண்டியதில்லை.

குழு, விமானத்தைப் பயன்படுத்துகிற ஒருவரை நேரில் கேட்க வேண்டும் என்றது. உன் மேலதிகாரி உன் பெயரைக் கொடுத்திருக்கிறார்! நீ பேச வேண்டிய உரையை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை மாற்றாதே. எழுந்து நில், படி, தண்ணீர் குடி, உட்கார். அவ்வளவுதான் உன் வேலை.

விளையாட்டு போகட்டும் அக்கா. இந்தக் கோப்பு தேறினால்தான் என் பிரிவு இருக்கும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள். நாலு வருஷ உழைப்பு.

உன்,
வாலு

—

பிப்ரவரி 15

அன்பு வாலுக்கு,

உரை வந்தது. நான் இவ்வளவு இனிமையாகப் பேசக்கூடியவள் என்று எனக்கே இன்றுதான் தெரிந்தது. "பெருமிதத்துடன் வரவேற்கிறேன்" என்று வாழ்நாளில் ஒருமுறையாவது நான் சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

தொட்டிக்கும் இறக்கைக்கும் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடலாம். நான் எத்தனை மனு எழுதியிருப்பேன்! கவிழ்ந்த படகை நீ உரையில் சேர்த்திருக்கிறாய். சரிதான், அது நடந்தது. கவிழ்ந்த படகின் முதுகில் ஏறி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டே இருந்தான். மீட்புக் கப்பல் வந்துகொண்டிருந்தது. அதற்குள் எங்களுக்கு எரிபொருள் தீர்ந்து விமானத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. அடுத்த விமானம் போனபோது படகு மட்டும் இருந்தது. பெரிய தொட்டி இருந்திருந்தால் நான் கப்பலுக்கு வழி காட்டிக்கொண்டே இருந்திருப்பேன். இதை எந்தக் குழுவின் முன்னாலும் சொல்வேன். நீ எழுதித் தர வேண்டாம்.

ஆனால் நீ படகுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டு, அதன் வாலில் உன் பெட்டியைக் கட்டிவிட்டிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த ஐந்து பேரை யார் என்று சொல்ல எந்தக் கண்ணும் தேவைப்படவில்லையடா.

இங்கே எப்படி வேலை நடக்கிறது என்று உனக்குச் சொன்னதே இல்லை. ஜன்னல் இல்லாத அறை. எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருப்போம், கணினிக்குக் குளிர்ச்சி வேண்டுமாம். திரைக்கு எதிரே நான். என் பக்கத்தில் இரண்டாவது நாற்காலி. அதில் இருப்பவர் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். ஒரு ஆளைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. மேசையைத் தட்டுவேன். அவர் திரும்பிப் பார்த்து, தனக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்வார். ஆமாம், இல்லை, தெரியல. இந்த மூன்றில் எதையும் சொல்லலாம். இரண்டு பேரும் 'ஆமாம்' என்றால்தான் செய்தி தரையில் காத்திருக்கும் படைக்குப் போகும். அதற்கப்புறம் நடப்பது எங்கள் கையில் இல்லை.

என் இரண்டாவது நாற்காலிக்காரி பெயர் கண்ணாடி. பெயரே காரணம் சொல்லும். ஒருநாள் ஒரு வீட்டிலிருந்து ஒருவன் தோளில் நீளமாக எதையோ வைத்துக்கொண்டு சுவரோரமாக வந்தான். என் கண்ணுக்குச் சத்தியமாகத் துப்பாக்கி. மேசையைத் தட்டினேன். கண்ணாடி திரும்பினாள். "கட்டில் காலைத் தூக்கிட்டு எங்க போறான் இவன்?" என்றாள். சிரிக்கக்கூட எனக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே இரண்டு பேர் மீதிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீடு மாறுகிறார்கள்!

அவள் எதையும் முன்கூட்டிக் கேட்காததால்தான் அவளுக்குக் கட்டில் கால் தெரிந்தது. நீ அந்த நாற்காலியைத் தூக்கிவிட்டு, திரையில் சிவப்புப் பெட்டி போட்டு என்னைப் பார்க்கச் சொல்கிறாய். சிவப்பைப் பார்த்த பிறகு எனக்கு எப்படியடா கட்டில் தெரியும்?

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் செல்லப் பிள்ளை எதைப் பார்த்துப் படித்தது?

அம்மாவை மூட்டு வலி மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல். தணிக்கை ஐயா, உங்களுக்கும் வணக்கம். நான் எழுதியது எல்லாம் குழு அச்சிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. மையை மிச்சம் பிடியுங்கள்.

அன்புடன்,
அக்கா

—

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு எல்லாவற்றிலும் ஒரு நொட்டை. சின்ன வயதில் நான் வரைந்த யானைக்குக்கூட "ஐந்து கால் இருக்கு" என்றாய். அது தும்பிக்கை.

எதைப் பார்த்துப் படித்தது என்று கேட்டாயே, சந்தோஷப்படு, உங்களைப் பார்த்துத்தான். உங்கள் பிரிவின் பழைய காட்சிப் பதிவுகளை முறைப்படி வாங்கினோம். ஒவ்வொன்றோடும் இரண்டு நாற்காலியின் பதிலும் இருந்தது. அப்படிப் பார்த்தால் 'இரண்டாவது கண்' என்பது நீயும் உன் கண்ணாடியும்தான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பதில் சொன்ன பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒருவர் ஒன்று, மற்றவர் வேறு என்று சொன்னதையும், 'தெரியல' என்று சொன்னதையும் நானே உட்கார்ந்து ஒதுக்கினேன். அவற்றை வைத்தால் கணினி குழம்புகிறது. எடுத்ததும் மதிப்பெண் எகிறியது பார், எங்கள் நிறுவனத்தின் பெரிய தலையே என் மேசைக்கு வந்து கை குலுக்கினார்! அதே பதிவுகளில் ஒரு பகுதியைத் தேர்வுக்குத் தனியாக வைத்திருந்தோம். அதிலும் நூற்றுக்கு நூறைத் தொட்டுவிட்டது.

நாற்காலி, நாற்காலி என்கிறாய். இரண்டு பேர் உட்கார ஆள் இல்லாததால்தானே உங்கள் முகாமில் பாதி விமானங்கள் கொட்டகையில் தூங்குகின்றன? அவை மேலே போனால் இன்னும் எத்தனை படகுகளைப் பார்க்கலாம். இதையும் யோசி.

தொட்டி வேண்டும், கண் வேண்டாம் என்று கறிகாய் பொறுக்குவதுபோல் பொறுக்க முடியாது. ஒரே கோப்பு, ஒரே கையெழுத்து. முழுதாகத் தருவார்கள், இல்லை முழுதாகத் திருப்பி அனுப்புவார்கள். உன் தொட்டியும் அதோடு போகும்.

உரையை நாங்கள் எழுதித் தருவது வழக்கம்தான் அக்கா. எல்லா நிறுவனமும் செய்கிறது. எனக்காக ஒரே ஒரு முறை வாயைக் கட்டு. இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. சைக்கிளைத் தவிர.

எதிர்பார்ப்புடன்,
வாலு

—

மார்ச் 3

அன்பு வாலுக்கு,

கட்டில் கால் எங்கேயடா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்று நான் ஒன்று நினைத்தேன், கண்ணாடி வேறு சொன்னாள். ஆகவே அந்தப் பதிவை நீ ஒதுக்கிவிட்டாய். உன் கையாலேயே. உன் பிள்ளை அதைப் பார்த்ததே இல்லை. நாங்கள் தடுமாறிய, சண்டை போட்டுக்கொண்ட, "தெரியலம்மா, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒரு காட்சியைக்கூட அது பார்த்ததில்லை. யாருக்கும் சந்தேகம் வராததை மட்டும் காட்டி வளர்த்திருக்கிறாய். அதே பாடத்தில் தேர்வு வைத்து நூற்றுக்கு நூறு என்று தூக்கிக் கொண்டாடுகிறாய். அந்தத் தேர்வில் நம் வீட்டுப் பூனைகூடத் தேறியிருக்கும்.

அதற்குச் சிவப்பு தெரியும், பச்சை தெரியும். 'தெரியல' என்று சொல்லத் தெரியாது. எங்கள் வேலையில் பாதி அந்தப் பதில்தான், வாலு. அதைச் சொல்லக் கூச்சப்படுகிறவரை நாங்கள் அந்த அறைக்குள்ளேயே விடுவதில்லை.

நீ கெட்டவன் இல்லை. எனக்குத் தெரியும். கணக்கு சுத்தமாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டாய், அவ்வளவுதான். உன் இடத்தில் இருந்து பார்த்தால் அவை குழப்பமான பதிவுகள். என் இடத்தில் அவர்கள் கட்டில் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆட்கள்.

பாதி விமானங்கள் கொட்டகையில் கிடப்பதும் உண்மைதான். அதற்கு ஆள் கேள், நாற்காலி கேள், நானும் உன்னோடு ஒற்றைக்காலில் நின்று கேட்கிறேன். இருக்கிற நாற்காலியைப் பிடுங்காதே.

ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீ எழுதிய உரையை நான் படிக்க மாட்டேன். நீ ஒதுக்கிய பதிவுகளைப் பற்றிக் குழுவிடம் சொல்வேன். உரையை யார் எழுதினார்கள் என்று கேட்டால் அதையும் சொல்வேன். எனக்கு நீ தம்பி என்பதையும் சேர்த்து. பின்னாலிருந்து தள்ளிவிட்டாள் என்று நீ சொல்லக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நீயே பெரிய தலையிடம் போய்ச் சொன்னால் ரொம்ப நல்லது. சொல்லடா. உன்னால் முடியும்.

மேலதிகாரியும் கூப்பிட்டு, "உங்களுக்குத் தொட்டி வேணுமா, வேணாமா?" என்று கேட்டார். "வேணும் சார். அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவர் அறையில் மட்டும் ஜன்னல் உண்டு.

அன்பு குறையாத,
அக்கா

—

மார்ச் 21

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக முகாம் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழுவின் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். நான் பின்வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதியபடியே செய்துவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கடைசி நிமிடம்வரை நம்பினேன். மடித்துவைத்த உரையை எடுத்தபோதுகூட, சரி, படிக்கப்போகிறாள் என்று மூச்சு விட்டேன். நீங்கள் அதை மேசையில் வைத்துவிட்டு, "இதை எழுதினது நான் இல்லை. அதோ நிக்கிறாரே, என் தம்பி. கெட்டிக்காரர். ஆனா இது என் பேச்சு இல்லை" என்றீர்கள். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு விட்டீர்களா? எங்கள் காட்சித் துண்டையே எடுத்து, உறுப்பினர்களில் பாதிப் பேரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொன்னீர்கள். குழுவின் தலைவர் அம்மாவும் எழுந்து திரும்பி உட்கார்ந்தார். பெட்டியோடு பார்த்தவர்கள் எல்லோரும் "ஆயுதம்" என்றார்கள். பெட்டியை எடுத்துவிட்டுப் போடச் சொன்னீர்கள். விசையை அழுத்தியது நான். திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் "மண்வெட்டி மாதிரி இருக்கே" என்றார். தலைவர் அம்மா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "எனக்குத் தெரியலையே" என்றார். நீங்கள், "அதுதாம்மா சரியான பதில்" என்றீர்கள். நன்றாகத்தான் இருந்தது. என் செலவில்.

கோப்பு முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. உங்கள் தொட்டியும் போயிற்று, என் பிரிவும் போயிற்று. என்னைப் பழைய கணினிகளுக்கு எண் ஒட்டும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். பெரிய தலை இப்போது என்னைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். அம்மா இரண்டு பேருக்காகவும் அழுகிறாள். மாத்திரை போட்டுக்கொள்கிறாள், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

—

ஏப்ரல் 2

அன்பு வாலுக்கு,

நீ எழுத வேண்டாம் என்றால் நான் கேட்டுவிடுவேனா? 'அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். பிறந்த நாளிலிருந்து நீ எனக்குக் கொடுக்காத மரியாதை எல்லாம் ஒரே கடிதத்தில் வந்து சேர்ந்தது. சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கே அந்த மண்டபத்தில் மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். மேசையில் உரையை வைப்பேன், உன்னைக் காட்டுவேன், நாற்காலிகளைத் திருப்பச் சொல்வேன். கூட்டம் முடிந்ததும் உன் முகத்தைப் பார்க்காமல் போனது மட்டும் தப்பு. பார்த்திருந்தால் அங்கேயே கட்டிப்பிடித்து உன் மானத்தை இன்னும் வாங்கியிருப்பேன்.

என்னையும் சும்மா விடவில்லை. திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது இறக்கைத் திருகாணிகளும் கம்பிச் சுருள்களும் இருக்கிற பொருள் கிடங்கில் இருக்கிறேன். கண்ணாடி பக்கத்தில் வேறு ஒருவர். "அவர் தட்டுறதுக்கு முன்னாடியே இருமுறாரு, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோகுது" என்று புலம்புகிறாள். என் மவுசு இறங்கிவிட்டது என்று முகாமில் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். நான் தலையை நிமிர்த்தித்தான் கிடங்குக்குப் போகிறேன்.

தொட்டியும் போயிற்று என்று எழுதினாய். அது எனக்கு ஊசி ஏற்றுவதற்காக எழுதியது, தெரியும். ஏறியது. இன்னொரு படகு கவிழ்ந்து, எங்கள் விமானம் எரிபொருள் இல்லாமல் திரும்பி வந்தால், அதற்கு நானும் ஒரு காரணம். அதை யார் மேலும் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த ஐந்து பேரைக் காட்டி, கட்டில் தூக்கிப் போகிறவனை விலை பேசச் சொன்னது நான் இல்லை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது உங்கள் கோப்பு. அவிழ்க்கத் தெரிந்தவனும் நீதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ ஒதுக்கிய பதிவுகள் உன்னிடம்தானே இருக்கும்? குப்பையைக்கூட எறிய மாட்டாய் நீ. பக்கத்து மேசையில் யாரையாவது உட்காரவைத்து, அவற்றை ஓடவிடச் சொல். நீ திரைக்கு முதுகைக் காட்டி உட்கார். மேசையைத் தட்டினதும் திரும்பிப் பார். என்ன தெரிகிறதோ சொல். அதற்கப்புறமும் அக்கா செய்தது தப்பு என்று தோன்றினால், எனக்கு எழுதவே வேண்டாம். நானும் கேட்க மாட்டேன்.

தணிக்கை ஐயா, இந்தக் கடிதத்தில் ராணுவத்துக்குக் கசப்பான வரிகள் சில இருக்கலாம். ரகசியம் ஒன்றுகூட இல்லை. பார்த்துச் செய்யுங்கள்.

என்றும்,
அக்கா

—

மே 30

அக்காவுக்கு,

முதலில் ஒரு விஷயம். உன் கடிதத்தில் ஒரு சொல்லுக்குக்கூட மை பூசியிருக்கவில்லை. பசை மட்டும் கோணலாக ஒட்டியிருந்தது. தணிக்கை ஐயா ஒருமுறைக்கு இரண்டு முறை பிரித்துப் படித்திருப்பார் போல. அவருக்கு என் நன்றி.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். எண் ஒட்டும் அறையில் நாள் முழுக்க வேறு வேலை கிடையாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் பழைய பிரிவிலிருந்து என்னோடு மாற்றப்பட்டவளிடம் கேட்டேன். "பைத்தியமா நீ?" என்றாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

முதல் தட்டுக்குத் திரும்பினேன். முழுதாகத் திரும்புவதற்கு முன்பே "ஆயுதம்" என்று வாய் சொல்லிவிட்டது. அது ஒரு பெண், முதுகில் குழந்தை. குழந்தையின் கால் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் மெதுவாகத்தான் திரும்பினேன். "இல்லை" என்றேன். "தெரியல" என்றேன். "தெரியல, தெரியல" என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டில் காலையும் பார்த்தேன். எனக்கு அது கட்டில் காலாகத் தெரியவில்லை. பின்னால் மீதிக் கட்டில் வரும்வரை காத்திருந்தேன்.

ஒதுக்கிய எல்லாவற்றையும் சேர்த்து என் செல்லப் பிள்ளைக்கு மறுபடி தேர்வு வைத்தோம். கட்டில்காரனுக்குச் சிவப்பு. அந்தப் பெண்ணுக்கும் சிவப்பு. மதிப்பெண்ணை உனக்குச் சொல்ல மாட்டேன், உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும். அதை அப்படியே எழுதி, கோப்பை இரண்டாகப் பிரித்தேன். தொட்டியும் இறக்கையும் தனி. கண் தனி, அது தேறவில்லை என்ற குறிப்போடு. பெரிய தலை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "உன்னை யாரு கேட்டா?" என்று சத்தம் போட்டார். "என் அக்கா கேட்டா" என்றேன். என் பெயரிலேயே தலைவர் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். நேற்று என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வாசலில் காவலர் "போய்ட்டு வாங்க சார்" என்றார், தினமும் சொல்வதுபோல.

குழு தொட்டிக் கோப்பைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டதாம். அதற்கு நானே வந்து பேசுவேன், கூப்பிடாவிட்டாலும். நாற்காலிக்கு நீ பேசு. கிடங்கில் இருந்தாலும் உனக்கு வாய் இருக்கிறதே.

நீ மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டியதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "யாருக்குடா? அவளுக்கா? கோபம் தீந்துச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

உன்,
வாலு